இளைஞர் அலமாரியும் வெட்டிய பக்கங்களும்

3-7-43, சனி

புழுக்கம். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. குடையை நான் பாடம் சொல்லும் தி. நகர் டுடோரியலிலேயே மறந்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே எதுவும் தங்காது, இன்டர்மீடியட் தேறாத பையன்களைத் தவிர.

நாலு மணிக்கு வாசகசாலை. கோயில் குளத்துக்குப் பின்புறச் சந்து, மாடி. இளைஞர் அலமாரிக்கு நான் பொறுப்பு. சம்பளம் கிடையாது, பெயருக்கு முன்னால் 'கௌரவ' உண்டு. இந்த அலமாரிக்கு ஒரு விதி: புத்தகத்தைத் திருப்புகிறவர்கள் என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அதன் கதையை வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம். விதி போட்டவன் செயலாளர் கோதண்டராமன். எம்.ஏ.யில் என் வகுப்பு. மதிப்பெண்ணில் எனக்குப் பின்னால், இப்போது காலேஜில் புரொபஸர். இனி இந்த டைரியில் கோ. முழுப் பெயர் எழுத மை வீண்.

அலமாரியில் உள்ளவை: வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து வீடுகளில் பைண்டு செய்து, அலுத்த பிறகு இங்கே தானம் கொடுத்தவை. துப்பறியும் கதை, தீவுக் கதை, பேய் பங்களா, மாறுவேட ராஜகுமாரி. படம், சிரிப்புத் துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம் எல்லாம் கூடவே. ஒன்றையும் நான் படித்ததில்லை. காதால் கேட்பது படிப்பதாகாது.

பையன்கள் கேட்பது: சுரங்கப்பாதை, துப்பாக்கி, ஒட்டு மீசை. பெண்கள் கேட்பதும் அதுவேதான், ஆனால் மேலே ஒரு சமையல் புத்தகத்தை வைத்து எடுத்துப் போவார்கள்.

இன்று ஸ்டெல்லா. சாந்தோம் பெண், பதினைந்து வயது. அப்பா மாதாகோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். மார்ச்சோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார். கோயிலைத் தவிர அவளைத் தனியே அனுப்புகிற இடம் இது ஒன்றுதான். அவள் சொன்னது ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் மகள் கதை. கரை ஒதுங்கிய யாரோ ஒருவனை விளக்கு அறைக்கு அழைத்துப் போகிறாள்.

“வெளிச்சம் கண்ணைக் குத்துது சார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியலை. அதனால முதுகோட முதுகு சாஞ்சு உட்கார்ந்துக்கிட்டாங்க. அவ வடக்குக் கடல், அவன் தெற்குக் கடல். என்ன கப்பல் தெரியுதுன்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார். விடியற வரைக்கும்.”

வீட்டுக்கு நேர்வழியில் வரவில்லை. கால்கள் கடற்கரைப் பக்கம் போயின. யுத்தத்தினால் தெருவிளக்குகளுக்கு எல்லாம் முக்காடு. கடல் இருந்த இடத்தில் சத்தம் மட்டும். ஒரு கப்பலும் இல்லை. இருந்தால் யாரிடம் சொல்வது?

5-7-43, திங்கள்

குடை போய்விட்டது. நான் சொன்னது நடப்பது இந்த மாதிரி விஷயங்களில் மட்டும்.

பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ் பாண்டி பஜார் அருகில் மூச்சு வாங்கி நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினான். “இன்னா நைனா, சமையல் ஆவுதா?” என்று பின்னாலிருந்து ஒருவர். “குந்து குந்து, எல போட்டா கூப்புடறேன்.” சிரிப்பு. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாலை கச்சேரி ரோட்டில் கோ. ஜட்கா வண்டியை நிறுத்தி இறங்கினான். இருபது வருஷமாக அவனிடம் நான் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் சொல்வதில்லை. ஆளில்லாத வினைச்சொற்களிலேயே பேசி வருகிறேன். தமிழ் இடம் கொடுக்கிறது.

“வைத்தி, பதினெட்டாம் தேதி கமிட்டி. இளைஞர் அலமாரியை எடுத்துடலாம்னு தீர்மானம் கொண்டு வரேன். பழைய காகிதத்துக்கு இப்ப நல்ல கிராக்கி. அந்த இடத்துல ஒரு மேஜை போட்டு யுத்தப் படம் மாட்டலாம். பசங்க கெட்டுப் போறதுன்னு நீ ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டா யாரும் பேச மாட்டா.”

“கெட்டுப் போவதாகத் தெரியவில்லையே.”

“நன்னா பாரு, தெரியும். இன்னொண்ணு. காலேஜ்ல லெக்சரர் இடம் ஒண்ணு காலி. என்னைத்தான் பேர் கேக்கறா. உன் ஞாபகம் எனக்கு இருக்குன்னு வெச்சுக்கோ.”

ஜட்கா போய்விட்டது. லெக்சரர். நாற்பத்தெட்டு வயதில். ஒரு கதவு, அதன் மேல் என் பெயர். ராயப்பேட்டைப் பக்கம் தூரத்தில் டிராம் மணி. நடு ரோட்டில் நின்றபடி அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டு வண்டிக்காரன் திட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

7-7-43, புதன்

அலமு (என் தங்கை, இந்த வீடு அவளுடையது): “அண்ணா, காப்பிப் பொடி தீந்து போச்சு. புளியங்கொட்டை கலந்தது வேணா இருக்கு.” குடித்தேன். இந்த வருஷத்தின் ருசி.

ரிப்போர்ட் தொடங்கினேன். “இளம் வாசகர்கள் விரும்பும் நூல்களில் அறிவுக்கு உணவு ஏதும் இல்லை.” நல்ல வாக்கியம். அதற்கு மேல் போகவில்லை.

10-7-43, சனி

காற்று திரும்பிவிட்டது. மூன்று மணிக்கே கடல் வாசனை, மாடி ஜன்னல் படபடத்தது.

கலங்கரை விளக்கக் கதையைப் போன வாரம் எடுத்துப் போனவன் நடேசன், டிராம் கண்டக்டர் மகன், பதினாறு வயது. இன்று அவன் ஒப்புவித்தான்.

“விளக்கு ரூமுக்கு ஏறிட்டாங்களா சார், அங்க ரெண்டு கள்ளக்கடத்தல்காரன் பூந்து ஒளிஞ்சிகினு கீறான். நம்ம ஆளு வுட்டான் பாரு ஒரு குத்து...”

“ஸ்டெல்லா அப்படிச் சொல்லவில்லையே. முதுகோடு முதுகு உட்கார்ந்தார்கள் என்றாள்.”

“அது அவ ஓட்ட சார். இது என் ஓட்ட.”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். மகள் படியேறுகிறாள். அடுத்த பக்கம் கல்யாணப் பந்தல், வேறு ஆளோடு. நடுவில் ஒன்றும் இல்லை. தையல் ஓரத்தில் மெல்லிய காகித நாக்கு மட்டும், சவரக் கத்தியால் வெட்டினது. வேறொன்றை எடுத்தேன், அதிலும் நாக்கு. அலமாரி முழுவதும்.

ஸ்டெல்லா விளக்கினாள். ஆணும் பெண்ணும் தனியே பேசும் பக்கங்களைச் செயலாளர் வீட்டில் வைத்து வெட்டிய பிறகுதான் புத்தகம் இங்கே வருமாம். வெட்டியதைக் கொளுத்திவிட்டதாகக் கமிட்டியில் சொல்லியிருக்கிறாராம். எல்லோருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாது.

“ஓட்டை வந்தா நாங்களே போட்டுக்குவோம் சார். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடக் கூடாது. அதான் சட்டம்.”

“இதுல ஒரு பேஜாரு கீது சார்,” என்றான் நடேசன். “லவ்வு சீன்னு வெட்டிடறாரு. அதுக்குப் பின்னாடி பக்கத்துலதான் கொலகாரன் யாருன்னு போட்டுகீறான். அதுவும் பூடுது. நான் ஆறு கதைல சமையக்காரன மாட்டி வுட்டுட்டேன்.”

ஆக இத்தனை மாதமாக இந்தப் பெஞ்சில் நான் கேட்டது எதுவும் அச்சில் வந்ததில்லை. கோபம் வரவேண்டும். வரவில்லை. படியிறங்கும்போது லேசாக ஏதோ மிதப்பது போல.

12-7-43, திங்கள்

டுடோரியல். ஒரு பையன் இலக்கணத்தில் ஐயம் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் எஞ்சின் புகை ஒரு கப்பல் மாதிரி நகர்ந்தது. அது போய் முடிகிற வரையில் பதில் சொல்லவில்லை. பையன் பொறுமையாக இருந்தான். அவர்கள் எல்லாவற்றுக்கும் பழகியவர்கள்.

ரிப்போர்ட்டை கோ. கேட்டபடியே முடித்துவிட்டேன். ஒரு பக்கம். எழுத்து அழகாக வந்திருக்கிறது.

14-7-43, புதன்

கோ. வீட்டுக்கு ரிப்போர்ட்டோடு போனேன். லஸ் தாண்டி உள்ளே தள்ளி, பெரிய வீடு. அவன் குளித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் மனைவி படம், மாலை வாடி. போன வருஷம் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது கும்பகோணம் போனவள், அங்கேயே போய்விட்டாள். நான் துக்கம் கேட்கப் போகவில்லை. என் அம்மாவுக்கு அவனும் வரவில்லை.

மேஜையில் சிவப்புக் காலிகோத் துணி பைண்டு ஒன்று. முதுகில் பெயர் இல்லை. சும்மா இருக்க முடியாமல் பிரித்தேன். முதல் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்கியது. இரண்டாவது வேறு எழுத்து, வேறு காகிதம். மூன்றாவதும் அப்படியே. ஒரு தோட்டம், ஒரு ஓடம், ஒரு மொட்டைமாடி, எல்லாவற்றிலும் நிலா. ஓரங்கள் விரல் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறியிருந்தன.

வெட்டிய பக்கங்கள். பைண்டு செய்து வைத்திருக்கிறான்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றான். நான் புத்தகத்தை மூடவில்லை.

“எறியறதுக்கு மனசு வரலைடா,” என்றான்.

“கொளுத்திவிட்டதாகக் கமிட்டியில் சொன்னதாகக் கேள்வி.”

“சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? சாயங்காலம் ஆத்துல யாரும் இல்லை. வெச்சுண்டு ஒக்காந்திருப்பேன்.” துண்டை மடித்தான், மறுபடி பிரித்தான். “எடுத்துண்டு போ. நீயும் பாரு. பாத்துட்டு அப்பறம் பேசு.”

எடுத்து வந்தேன். ரிப்போர்ட்டைக் கொடுக்கவில்லை. பயத்தில் கொடுத்தானா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை. எதுவானால் என்ன? அவன் கழுத்து என் பையில்.

15-7-43, வியாழன்

பஸ்ஸில் படித்தேன். அவன் அவள் கையைத் தொடுகிறான், பக்கம் முடிந்தது. வேறொருவன் வேறொருத்தியின் கையைத் தொடப் போகிறான், முடிந்தது. யாருக்கும் அப்பா அம்மா இல்லை, ஊர் இல்லை, சண்டை இல்லை. ஒரே பெண்தான் புடவை மாற்றி மாற்றி வருகிறாளோ என்று தோன்றிவிட்டது. கண் செருகியது. பனகல் பார்க்கில் இறங்க வேண்டியவன், விழித்தபோது பஸ் எங்கோ தென்னந்தோப்பு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கவும் மனமில்லை. வகுப்புக்குத் தாமதம். முதல் தடவை.

கலங்கரை விளக்கப் பக்கமும் இருந்தது. “மானே, தேனே” என்று அவன் ஒரு பிரசங்கம். அவள் மூர்ச்சை. பின்பக்கம் இருமல் மருந்து விளம்பரம். முதுகும் இல்லை, கப்பலும் இல்லை.

நடேசனின் கொலைகாரர்களும் இதில் இருக்கிறார்கள். ஒருவன்கூடச் சமையற்காரன் இல்லை.

17-7-43, சனி

ஆடிப் பிறப்பு. அலமு பாயசம் வைத்தாள், சர்க்கரை ரேஷனாதலால் வெல்லம் போட்டு. நன்றாகத்தான் இருந்தது, சொல்லவில்லை.

வாசகசாலையில் விஷயம் கசிந்துவிட்டது. பிள்ளைகளிடம் வழக்கமான சத்தம் இல்லை. ஸ்டெல்லா புத்தகத்தைத் திருப்பிவிட்டு, அடுத்ததை எடுக்காமல் நின்றாள்.

“சார், அலமாரியை நிறுத்தறது நீங்கதானாமே?”

“கமிட்டி.”

“நீங்க எழுதிக் குடுக்கறதை வெச்சுத்தான்னு சொல்றாங்க. இது போச்சுன்னா எங்கப்பா சனிக்கிழமை என்னை வெளிய விட மாட்டாரு சார். ஞாயித்துக்கிழமை பூசை, அதோட சரி.”

“கெஞ்சுகிறாயா?”

“இல்ல சார். சொல்றேன்.”

புத்தகம் எடுக்காமலே போய்விட்டாள்.

நாளைக்கு மூன்று வழி. (1) ரிப்போர்ட்டை வாசித்து லெக்சரர் ஆவது. (2) சிவப்புப் புத்தகத்தை மேஜைமேல் போட்டு கோ.வைத் தொலைப்பது. வாக்கியம்கூடத் தயார்: “ஒழுக்கம் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவரின் மாலை நேரப் பாராயண நூல் இதோ.” (3) மூன்றாவதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

18-7-43, ஞாயிறு

தூறல். கமிட்டி பத்து மணிக்கு. தலைவர் ஓய்வு பெற்ற வக்கீல், காது மந்தம். கோ. தீர்மானத்தைப் படித்தான். குரல் அடித்தொண்டையில். என் மடியில் பை. பையில் சிவப்புப் புத்தகம். அது அவனுக்கும் தெரியும்.

எழுந்தேன். எழுதி வைத்திருந்த காகிதம் கையில் இருந்தது, அதைப் பார்க்கவில்லை. சொன்னது ஏறக்குறைய இது: “இந்தப் புத்தகங்களில் பிள்ளைகளைக் கெடுக்க ஒன்றும் இல்லை. நல்லது செய்யவும் அதிகம் இல்லை. ஆனால் வெட்டிய இடங்களில் அவர்கள் சொந்தமாக வைத்திருப்பது வேறு. அதை வெட்ட நம்மிடம் கத்தி கிடையாது. கமிட்டிக்குப் பயமாக இருந்தால் பக்கங்களைத் திரும்ப வைத்துவிடுவது பத்திரம். அச்சில் இருப்பது மிகவும் சாது. அலமாரி இருக்க வேண்டும்.”

“வெட்டின பக்கமா?” என்றார் வக்கீல். “அதெல்லாம் அப்பவே கொளுத்தியாச்சுன்னு கோதண்டம் சொன்னாரே.”

கூரை ஓட்டில் தூறல். என் வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. கோ. பையைப் பார்த்தான், பிறகு என்னை. வாய் திறக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. திறக்கவில்லை. ஏன் என்று இப்போது உட்கார்ந்து யோசித்தாலும் புரியவில்லை.

“கொளுத்தலை,” என்றான் கோ. “என்கிட்டதான் இருந்தது.”

“எதுக்கு ஓய்?”

“படிக்கறதுக்கு.”

“என்னது?” வக்கீல் காதில் கை வைத்துக்கொண்டார்.

“படிக்கறதுக்குன்னேன்,” என்று உரக்கச் சொன்னான். கீழே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

தீர்மானம் வாபஸ். காபி வந்தது. அதே புளியங்கொட்டை.

படியில் கோ. என் தோளைத் தொட்டான். “வைத்தி. அந்த லெக்சரர் இடம்... வேற ஒருத்தன் பேர் போன மாசமே போயாச்சுடா. உன்கிட்ட சொல்லியிருக்கணும்.”

போன மாதமே. ஜட்காவை நிறுத்தி இறங்குவதற்கு முன்னாலேயே. மேலே எல்லோரும் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். புத்தகம் பையில்தான் இருந்தது. திரும்ப ஏறிப்போய் என்ன சொல்ல? அதையும் அவனே சொல்லிவிட்டான். என்னிடம் மிச்சம் வைக்கவில்லை, படுபாவி.

நனைந்துகொண்டே வந்தேன். கதவு, பெயர், எல்லாம் போயிற்று.

24-7-43, சனி

வெயில். மழை பெய்த சுவடே இல்லை. அலமு குடை வாங்கச் சொல்கிறாள், இப்போது.

வாசகசாலையில் கூட்டம். அலமாரி தப்பிவிட்டது என்பது அதற்குள் சாந்தோம் வரை எட்டியிருக்கிறது. சிவப்புப் புத்தகத்தைப் பிரித்து அந்தந்த இடத்தில் ஒட்டலாம் என்று கோந்துச் சட்டியோடு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா விளக்கு அறைப் பக்கத்தை நின்றபடியே படித்தாள்.

“இவ்ளோதானா சார்? மயக்கம் போட்டு விழறா. அப்புறம் எப்படிக் கப்பலைப் பார்ப்பா?”

நடேசன் பின்பக்கங்களைப் புரட்டினான். “இவனா கொலகாரன்? சீ. என் சமையக்காரனே தேவல.”

ஒட்ட வேண்டாம், ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. சிவப்புப் புத்தகத்தைத் தனியாக ஒரு புத்தகமாக அலமாரியில் வைத்தேன்.

ஐந்து மணி சுமாருக்குக் கோ. வந்தான். பிள்ளைகள் எழுந்தார்கள். உட்காரச் சொன்னான். அலமாரி முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சிவப்புப் புத்தகம் வேண்டும் என்றான், வேறு யாரிடமோ கேட்பது போல.

“இது இளைஞர் அலமாரிப் புத்தகம்,” என்றேன்.

“வாஸ்தவம்தான்.”

“கத சொல்ட்டு எடுத்துக்கினு போ சார்,” என்றான் நடேசன். “ரூல்ஸு.”

“டேய், மரியாதையாப் பேசு.” ஸ்டெல்லா பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். “உட்காருங்க சார். நீங்க முன்னாடியே படிச்சதுதானே? அதைச் சொல்லிட்டு மறுபடி எடுத்துக்கலாம்.”

அவன் உட்கார்ந்தான். என் எதிரே, அந்தப் பெஞ்சில். இருபது வருஷமாக இவனை ஓரிடத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதாக எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நினைப்பில் அவன் இவ்வளவு வயதானவனாக இருந்ததில்லை.

“இதுல கதையே இல்லையேம்மா,” என்றான். “நடுப் பக்கம் மட்டும்தான். முன்னால என்ன, பின்னால என்னன்னு நான் படிச்சதில்லை. வெட்டறதுக்குத் தேடிண்டு போறச்சே மத்ததெல்லாம் தள்ளிண்டே போயிட்டேன்.”

“அப்ப நீங்களே போட்டுக்குங்க சார். நாங்க அப்படித்தான்.”

கோ. என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பான்.

“ஆரம்பிக்கலாம்,” என்றேன்.

ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொண்டு சொன்னான். தோட்டம். கல் பெஞ்சு. அவளும் அவனும். நாளைக்கும் இதே இடத்துக்கு வருகிறேன் என்கிறாள். பக்கம் அங்கே முடிகிறது. கண்ணாடியைக் கழற்றினான்.

“அப்பால?” என்றான் நடேசன்.

வெளியே வெயில் மஞ்சளாகி, குளத்துப் பக்கத்து வெளிச்சம் கூரையில் வந்து அசைந்தது.

“மறுநாள் அவ வரலை,” என்றான் கோ. “இவன் மட்டும் வந்தான். அதுக்கு மறுநாளும் வந்தான். தினமும் வந்துண்டிருந்தான்.”

“வந்து என்ன சார் பண்ணினான்?” ஸ்டெல்லா.

“ஒண்ணும் பண்ணலை. பக்கத்துல இடம் விட்டுண்டு ஒக்காந்திருந்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. நடேசன்கூட யாரையும் மாட்டிவிடவில்லை.

புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு வாரத் தவணை.